அரை டன்னுக்குக் கீழே

இருநூற்றிப் பத்து பெட்டிகள்.
ஒவ்வொன்றின் வயிற்றடியிலும்
தீப்பெட்டி அளவில் ஓர் உணரி.
நுவாதிபுவில், மீன்வாடை படியேறி வரும் மாடியறையில்,
என் திரையில் அவை
பச்சைப் புள்ளிகள்.

பேட்டரி கிடையாது அவற்றுக்கு.
வண்டி குலுங்கினால்
அந்தக் குலுக்கலையே தின்று கண்விழிக்கும்.
அச்சில் சூடு நாற்பத்தொன்று,
இடப்பக்கச் சக்கரத்தில் ஒரு சொட்டை,
சுற்றுக்கு ஒரு தடவை டக் என்கிறது
என்று அண்டைப் பெட்டியின் காதில் போடும்.
அது அடுத்ததன் காதில்.
இரண்டரைக் கிலோமீட்டர் நீள வதந்தி
எஞ்சினை எட்டி, கோபுரம் தாவி,
பாலைவனம் கடந்து என்னிடம் வரும்.
வண்டி நின்றால்
எல்லாம் தூங்கிவிடும்.

திங்கள் இரவு. காலி வண்டி
தாது ஏற்ற சுவேராத்துக்குத் திரும்புகிறது.
முந்நூற்றுப் பதினெட்டாம் கிலோமீட்டரில்
கிளைப்பாதையில் ஒதுங்கி நின்றது,
எதிரே வரும் நிறைவண்டிக்கு வழிவிட்டு.
புள்ளிகள் அணைந்தன,
கல்யாண வீட்டில் கடைசி விளக்குகள்போல
ஒன்றன்பின் ஒன்றாக.
எண்பத்தேழு மட்டும் அணையவில்லை.

நின்ற வண்டியில் எது குலுங்குகிறது?
காற்று என்றால்
எண்பத்தாறும் எண்பத்தெட்டும் சும்மா இருக்குமா?
சக்கரச் சொட்டைக்கு ஒழுங்கு உண்டு,
கடன் கொடுத்தவன் மாதிரி
நேரம் தவறாமல் வந்து நிற்கும்.
இதற்கு ஒழுங்கே இல்லை.
டக்.
டக்டக்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு படபடவென்று, யாரோ சோளம் பொரிப்பதுபோல.

எடையைப் பார்த்தேன். பூஜ்யம்.
அரை டன்னுக்குக் கீழே எது இருந்தாலும்
பூஜ்யம் என்றே எழுதும் எங்கள் கணக்கு.
அப்படி எழுதச் சொன்னது நான்தான்.
போன ஜூலையில்
மணல் படிந்து எண்கள் அல்லாடியபோது
நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

டிரைவர் சிதாத்தியைக் கூப்பிட்டேன்.
ஒரு கிலோமீட்டர் நடை, மேடம், என்றார்.
அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை,
அதுவே திட்டியதுபோலத்தான் இருந்தது.
உதவியாளன் டார்ச்சோடு இறங்கினான்.
இருபத்திரண்டு நிமிடம்
நான் அந்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தேநீர் ஆறி ஏடு கட்டியது.

வானொலியில் முதலில் வந்தது மூச்சு.
பிறகு சிரிப்பு.
பதினோரு ஆடு, மேடம்.
ஒரு பெண், பெயர் மனீனா.
ஒரு மெத்தை. குளிர்பெட்டியின் கதவு.
கதவு மட்டுமா?
கதவு மட்டும்தான்.
பெட்டிக்கு ஏதோ கோளாறு என்று சொன்னேன்.
அப்படியானால் ஆடுகளோடு
அடுத்த பெட்டிக்கு மாறிக்கொள்ளட்டுமா
என்று கேட்கிறாள்.

வேண்டாம் என்றேன்.
ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன் என்று
தெரியவில்லை.

படிவம் திறந்தது. காரணம் கேட்டது:
தாங்கி, பிரேக், சக்கரம், உணரிப் பிழை.
உணரிப் பிழை என்று தட்டினால்
நாளைக் காலை ஒருவன் வந்து
அதைக் கழற்றி வாளியில் எறிவான்.
அந்த இரவில் எங்கள் எல்லோரிலும்
பிழை செய்யாதது அது ஒன்றுதான்.

நிறைவண்டி கடந்துபோனது.
இருநூற்று ஒன்பதும் கண்விழித்தன.
இரும்பின் இரைச்சலில்
குளம்புச் சத்தம் மூழ்கிப்போயிற்று.
எண்பத்தேழின் வரைகோட்டைப் பெரிதாக்கினேன்,
இன்னும் பெரிதாக்கினேன்.
எல்லாப் பெட்டிகளையும்போல ஒரு பெட்டி.
எடை பூஜ்யம்.

விடியும்வரை
படிவத்தை மூடவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
துடித்துக்கொண்டிருந்தது சிறு கோடு,
இருந்த இடத்திலேயே,
ஒழுங்காக.